மூணு லட்சம்னு போட்டுருங்க

சித்தா பிரிவில் உட்கார்ந்திருக்கும் அரசு மருத்துவரிடம் யாரும் பணம் கேட்டு வருவதில்லை. லெட்டர் கேட்டு வருவார்கள். ஆஸ்பத்திரி முத்திரை குத்திய தாளில் இன்னாருக்கு இன்ன நோய், சித்த வைத்தியம் பார்க்க இவ்வளவு செலவாகும் என்று நாலு வரி. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்க் கமிட்டி, பங்குச் சாமியார், ஜமாத், மும்பையில் கடை போட்டிருக்கும் பெரியப்பா மகன், துபாயில் இருக்கும் மச்சான் என்று ஏறி இறங்குவார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் கொடுக்கும் மனுவோடும் அது இணைப்பாகப் போகும். திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துத் தாலுகா ஆஸ்பத்திரிகளிலேயே என் சர்வீஸ் முழுக்க ஓடிவிட்டது. மருந்துச் சீட்டுக்கு அடுத்தபடியாக நான் அதிகம் எழுதியது இந்த லெட்டர்களைத்தான்.

இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. 1964இல் தொடங்கிய பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில்தான் படித்தேன். நாடி, நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம், தொட்டுப் பார்த்தல் என்று எண்வகைத் தேர்வையும் மனப்பாடமாக ஒப்பித்தோம். சரக்கு சுத்தி செய்தோம், சூரணம் இடித்தோம், புடம் போட்டோம். வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ.வைப் பார்ப்பதா, இ-சேவை மையத்துக்குப் போவதா, அறக்கட்டளைக்காரர்கள் எந்தத் தாளைப் பார்த்தால் பணம் தருவார்கள் என்பதெல்லாம் பாடத்திட்டத்தில் கிடையாது. மேசைக்கு முன்னால் நின்றவர்கள்தான் எனக்கு அதில் வாத்தியார்கள்.

எந்த ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகிப் போனாலும் எங்கள் பிரிவு வராந்தாவின் கடைசி அறையாகத்தான் இருக்கும். உள்ளே கால் வைத்தால் கடுக்காயும் கற்பூரமும் கலந்த ஒரு வாடை. அலமாரியில் அரசு நிறுவனமான டாம்ப்காலின் டப்பாக்கள். 1944இல் நாட்டு வைத்தியர்கள் கூட்டுறவாகத் தொடங்கிய இம்காப்ஸின் பாட்டில்கள். மருந்தாளுநர் சூரணத்தை அளந்து பொட்டலம் மடித்துக் கொடுப்பார். ஒரு பைசா வாங்குவதில்லை. அங்கேதான் சிக்கலே ஆரம்பம். இலவசம் என்றதும் சிலருக்கு முகம் சுருங்கிவிடும். "நல்ல மருந்தா எழுதித் தாங்க டாக்டரம்மா, வெளிய வாங்கிக்கிடுதோம்" என்பார்கள். பட்டணத்து டாக்டர் எழுதும் ஐந்து ரூபாய் மாத்திரையை நம்புகிறவர்கள்கூட, சித்த மருந்து என்றால் ஐயாயிரமாவது ஆகவேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். தங்கம், முத்து, மூலிகை, மலை என்று யார் யாரோ சொல்லிச் சொல்லி ஏற்றிவைத்த விலை அது.

லெட்டர் கேட்டு வந்தவர்களில் அதிகம் பேர் சொரியாசிஸ்காரர்கள். நாங்கள் காளாஞ்சகப் படை என்போம். சாதாரணமாக ஏறக்குறைய ஒரு மாதம் எடுத்து அடியிலிருந்து மேலே வரும் தோல் செல்கள், உடம்பின் எதிர்ப்புச் சக்தி கொடுக்கும் அவசரத்தில் சில நாளிலேயே வந்து குவிந்து, வெள்ளைச் செதிலாக உதிரும். தொற்றாது. ஆனால் தொற்றாது என்பதை வீட்டில் இருப்பவர்கள் நம்ப வேண்டுமே! தட்டும் தம்ளரும் தனியாகிவிடும். நோய் அடங்கும், பிறகு மார்கழிக் குளிரிலோ, மகள் கல்யாணக் கடனிலோ, தொண்டைப் புண்ணுக்குப் பிறகோ மறுபடி தலைகாட்டும். சிலருக்கு மூட்டையும் பிடிக்கும். அடக்கி வைக்கலாம் என்பதுதான் எந்த வைத்தியமும் நேர்மையாகத் தரக்கூடிய வாக்கு. இந்த வாக்கை வைத்துக்கொண்டு யாரிடமும் வசூல் பண்ண முடியாது. வேரோடு பிடுங்கித் தருகிறேன் என்பவனுக்குத்தான் தாலி அடகுக்குப் போகிறது.

எங்கள் மருத்துவத்துக்கு இந்த நோயில் நல்ல பேர் உண்டு, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்தப் பேரில் பாதி வெட்பாலைக்குச் சேரும். நெல்லைச் சீமையின் வறண்ட காடுகளில் தானாக முளைத்து நிற்கும் மரம். இலையைக் கிள்ளினால் பால் வடியும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு வெட்பாலைத் தைலம் செய்து காட்டுவது எனக்குப் பிடித்த வேலை. இலையைத் துடைத்து, ஈரம் போக நிழலில் ஆற்றி, கையால் கிழித்து அகன்ற பாத்திரத்தில் போட்டு, மூழ்கும்வரை தேங்காயெண்ணெய் ஊற்றி, மெல்லிய துணியால் வேடு கட்டி வெயிலில் வைக்க வேண்டும். அடுப்பு கிடையாது. முதல் நாள் மதியத்துக்குள் எண்ணெயின் ஓரத்தில் ஊதா நூலிழை மாதிரி ஓடும். சாயங்காலம் கரண்டியால் எடுத்துப் பார்த்தால் கத்தரிப்பூ நிறம். நாலைந்து நாள் வெயில் காய்ந்தால் அடர்ந்த கருஞ்சிவப்பாகிவிடும். வடிகட்டினால் முடிந்தது. பூசினால் துணியில் கறை ஏறும், துவைத்தாலும் போகாது. பழைய நைட்டி, பழைய லுங்கி இரண்டை இதற்கென்றே ஒதுக்கிக்கொள்ளச் சொல்லுவேன். மத்திய சித்த ஆராய்ச்சி அமைப்பில் ஆராய்ந்து வெளியிட்ட 777 எண்ணெய் என்பதும் இந்த வெட்பாலை, தேங்காயெண்ணெய்க் கூட்டுதான். இதற்கு ஆகும் செலவு தேங்காயெண்ணெய் விலை மட்டும். வெயிலுக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை.

எண்ணெயோடு வேலை முடிவதில்லை. முதலில் பேதி கொடுத்து வயிற்றைச் சுத்தம் செய்வோம். பிறகு உள்ளுக்குப் பறங்கிப்பட்டைச் சூரணம், ஆளைப் பொறுத்துக் கந்தகம் சேர்ந்த மருந்து. ரசமும் பாஷாணமும் சேர்ந்தவை மருந்துச் சட்ட விதிகளின் இ(1) அட்டவணையில் வரும் சரக்குகள். மருத்துவர் கண்காணிப்பில்தான் சாப்பிட வேண்டும் என்று லேபிளிலேயே எச்சரிக்கை போட்டாக வேண்டும். அப்படி எதையாவது தொட்டால் கிரியாட்டினின், கல்லீரல் பரிசோதனை பார்க்காமல் நான் விடுவதில்லை. பக்கத்துக் கட்டடத்தில் லேப் இருக்கிறது, ரத்தம் எடுக்கக் காசு இல்லை, பிறகென்ன?

ஆலங்குளம் பக்கத்திலிருந்து ஒரு பீடி சுற்றும் பெண் வந்தார். நாற்பதைத் தாண்டியிருக்கும். கூட வந்தவர் கொழுந்தன், நெஞ்சுப்பையில் மடித்த நோட்டீஸ். அந்தப் பெண்ணுக்கு இரண்டு உள்ளங்கையிலும் சொரியாசிஸ். விரல் மடிப்புகளில் வெடித்து, சில இடங்களில் ரத்தம் கசிந்து உறைந்திருந்தது. பீடி சுற்றுவதை அருகில் இருந்து பார்த்தவர்களுக்கு இதன் கஷ்டம் புரியும். மடியில் தட்டு, தட்டில் இலையும் தூளும். இலையைக் கத்தரியால் அளவாக வெட்டி, தூளைப் பரப்பி, உருட்டி, நூல் சுற்றி, பிறகு தலையை மடக்கிக் குத்த வேண்டும். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் நாள் முழுக்கத் தேய்ந்துகொண்டே இருக்கும். சொரியாசிஸுக்குத் தேய்ப்பும் கீறலும் ஆகவே ஆகாது. எங்கே உராய்கிறதோ அங்கேயே புதிதாகக் கிளம்பும். போதாக்குறைக்குப் புகையிலைத் தூள் வெடிப்புக்குள் இறங்கி எரியும். தினம் எண்ணூறு சுற்றிக்கொண்டிருந்தவர் முந்நூறுக்கு வந்துவிட்டாராம். அதிலும் கறை பட்டதைக் கடையில் கழித்துவிடுகிறார்கள்.

"ராத்திரி கை எரிச்சல்ல உறக்கம் இல்ல. மறுநா இலைய ஊறப்போடும்போது, அந்தத் தண்ணில கைய வெச்சா மட்டும் கொஞ்சம் குளுகுளுன்னு இருக்கும்" என்றார். நோயைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

கொழுந்தன் பேச்சு வேறு. நோட்டீஸை விரித்தார். மலையடிவாரத்தில் ஒரு தனியார் வைத்தியசாலை. ஒரு மண்டலம், 48 நாள், அங்கேயே தங்க வேண்டும். அறை, சாப்பாடு, எண்ணெய்க் குளியல், தங்க பற்பம் சேர்ந்த சிறப்பு மருந்து எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. பாதி முன்பணம்.

"மூணு லட்சம்னு போட்டுருங்க டாக்டரம்மா. எங்க ஊரு ஆளுக பம்பாய்ல நாலஞ்சு பேரு இருக்காவ. கவர்மெண்டு டாக்டர் லெட்டர்னா தட்ட மாட்டாவ. மைனிக்கு வேரோட போயிரும்னு எழுதியே கொடுக்காங்களாம்."

"எழுதிக் கொடுத்தாவளா? எங்க, காட்டுங்க பாப்போம்."

அது இல்லை. போனில் சொன்னார்களாம்.

எழுதிக் கொடுக்க மாட்டார்கள். நீரிழிவு, புற்றுநோய், வலிப்பு, பக்கவாதம் என்று ஒரு நீண்ட பட்டியல் போட்டு, இவற்றைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கி வைத்திருக்கிறது. ஆகவே தாளில் அடக்கமாக இருப்பார்கள், வாயில் அள்ளி விடுவார்கள். மருந்து விற்பனைக்கு வந்தால் டப்பாவில் உரிம எண், தயாரித்தவர் முகவரி, தொகுதி எண், தேதி, சேர்ந்த சரக்குகள் எல்லாம் இருந்தாக வேண்டும். தன் நோயாளிக்குத் தன் கையாலேயே செய்து கொடுக்கும் வைத்தியருக்கு மட்டும் உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. பரம்பரை வைத்தியர்களுக்காக வைத்த நியாயமான விலக்குதான். எனக்கே அப்படிப்பட்ட அருமையான வைத்தியர்கள் இரண்டொருவரைத் தெரியும். அவர்கள் வாங்கும் காசு டீக்கும் வெற்றிலைக்கும்தான் காணும். அந்த ஒரு சந்துக்குள் புகுந்துதான் பெயரில்லாத பொட்டலங்களும் வெளியே வருகின்றன.

பெயரில்லாத பொட்டலம் என் மேசைக்கு வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை நாளில் கேட்டது என்பதுதான். "மூணே நாள்ல பட்டுனு அடங்கிருச்சு" என்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும். எங்கள் சூரணம் எதுவும் சொரியாசிஸை மூன்று நாளில் அடக்காது. இரண்டு மூன்று வாரம் கழித்துச் செதில் குறைந்தாலே நல்ல வேலை செய்கிறது என்று பொருள். மூன்று நாளில் அடங்கினால் பொடியில் ஸ்டீராய்டு மாத்திரையை இடித்துக் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். சில மாதம் சாப்பிட்டவருக்கு முகம் உப்பி, கழுத்துக்குப் பின்னால் சதை வைத்து, வயிற்றில் ஊதா வரிகள் ஓடியிருக்கும். காசு தீர்ந்து பொடியைத் திடீரென்று நிறுத்துவார். அப்போது உடம்பு முழுக்கச் சிவந்து, செதில் கொட்டி, குளிரில் நடுங்கிக்கொண்டு ஆட்டோவில் தூக்கி வருவார்கள். அது சித்தா பிரிவு பார்க்கும் நோயல்ல. நேரே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய அவசரம். ஊர் கூடிக் கொடுத்த காசில் வாங்கிய பொடி இப்படி முடிந்ததை நான் ஒரு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன். கொடுத்தவர்களுக்கு அது தெரியவே தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை புண்ணியம் அன்றைக்கே வரவு வைக்கப்பட்டுவிட்டது.

கொழுந்தனை வெளியே உட்கார வைத்துவிட்டு அந்தப் பெண்ணிடம் கணக்குக் கேட்டேன். மருந்து சும்மா. லேப் சும்மா. ஆலங்குளத்திலிருந்து வந்துபோக, 2021 மே மாதத்துக்குப் பிறகு, டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. (அந்த ஒரு உத்தரவுக்குப் பிறகு என் ஓ.பி.யில் விட்டுப்போன பெண்கள் திரும்பி வந்தார்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். எந்தச் சூரணமும் அதைச் செய்திருக்காது.) அப்படியானால் எதற்குப் பணம் வேண்டும்?

கை ஆற வேண்டுமானால் மூன்று வாரமாவது பீடியைத் தொடக்கூடாது. அந்தக் கூலி போகும். கூலி போனால் மகளிர் குழுக் கடனுக்கு வாரத் தவணை எங்கிருந்து வரும்? தவணை நின்றால் கலெக்‌ஷன்காரர் வீட்டு வாசலில் வந்து உட்கார்வார், குழுவில் மற்ற பெண்கள் அதைச் சுமக்க வேண்டும். அடுத்தது பத்தியம். மீன், கருவாடு, முட்டை, கத்தரிக்காய், புளி கூடாது என்று நான் சொல்வது சுலபம். அந்த வீட்டில் ஆறு பேருக்கு மத்தியானம் புளிக்குழம்பும் கருவாட்டுத் துண்டும்தான் சாப்பாடு. இவருக்குத் தனியாகப் பாசிப்பருப்பு, நெய், காய்கறி என்று சமைக்க வேண்டும். எங்கள் ஊர்ச் சொதிக்குப் புளி வேண்டாம், பத்தியத்துக்குத் தோதுதான். ஆனால் தேங்காய்ப்பால் பிழிந்து தினம் சொதி வைக்க அது என்ன கல்யாண வீடா? மாமியாருக்கு ஒரு உலை, மருமகளுக்கு ஒரு உலை என்றால் வீட்டில் முணுமுணுப்பு வரும். பத்தியம் முறிவது நாக்கால் இல்லை, இந்த முணுமுணுப்பால்தான் என்பது என் அனுபவம்.

எல்லாவற்றையும் கூட்டினால், முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 2,400 ரூபாய், அதன்பிறகு ஒரு வருடத்துக்கு அதில் பாதி போதும் என்று வந்தது. 2023 செப்டம்பரிலிருந்து வரும் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயை அவர் ஏற்கெனவே தவணைக்குக் கட்டிக்கொண்டிருந்தார்.

அரசாங்கத்தில் இதற்கு வழி இருக்கிறதா என்று லெட்டர் கேட்டு வரும் எல்லோரும் கேட்பார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை மடித்து மடித்து ஓரம் கிழிந்ததை நீட்டுவார்கள். இதய ஆப்பரேஷனுக்கு, டயாலிசிஸுக்கு அது தெய்வம் மாதிரி வந்து நிற்கும். பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, ஆஸ்பத்திரிக்கு நேரே பணம் போகும். பத்தியச் சாப்பாட்டுக்கும் போன கூலிக்கும் எந்தப் பட்டியலிலும் இடமில்லை. ஆயுஷ் உள்நோயாளி சிகிச்சைக்கும் மற்ற சிகிச்சைக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் சொல்லிவிட்டது. ஆனால் அது பிரீமியம் கட்டிப் பாலிசி எடுத்தவர்களுக்கு. பீடித் தொழிலாளர்களுக்கென்று 1976இல் நல நிதிச் சட்டம் வந்தது. பீடி மேல் போட்ட தனி வரியில் அது ஓடியது. முக்கூடலில் அவர்களுக்கென்றே மத்திய அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தத் தனி வரி போய்விட்டது. ஆஸ்பத்திரிகளும் கல்வி உதவித்தொகையும் தொடர்கின்றன. ஆனால் 'மூன்று வாரம் சும்மா இரு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்ல அங்கேயும் ஒரு படிவம் கிடையாது. பாளையங்கோட்டைக் கல்லூரி ஆஸ்பத்திரியில் படுக்கை உண்டு, பத்தியச் சாப்பாடே கிடைக்கும். முடிந்தவர்களை அங்கேதான் அனுப்புவேன். தாம்பரம் சானட்டோரியத்தில் 2005இல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கிறது. ஆனால் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் படுக்கையில் மாமனாரும் இருக்கிற பெண் எங்கே போய்ப் படுப்பாள்?

ஆகவே லெட்டரை இப்படி எழுதினேன். நோயின் பெயர். மருந்துக்குச் செலவில்லை. இன்ன இன்ன காரணத்துக்கு மாதம் இவ்வளவு வேண்டும், இத்தனை மாதம் வேண்டும். முழுக்கக் குணமாகும் என்று சொல்ல முடியாது, வேலை செய்யும் அளவுக்குக் கை தேறும். கூடவே மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்கு ஒரு பரிந்துரைச் சீட்டு. அங்கே மெத்தோட்ரெக்சேட் இலவசமாகவே கிடைக்கும். வாரம் ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மாத்திரை. தினம் சாப்பிட்டால் ஆளையே கொன்றுவிடும். அதனால் கிழமையைச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டில் படிக்கத் தெரிந்த மகளை வாசித்துக் காட்டச் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். சித்தா டாக்டர் இங்கிலீஷ் மருந்துக்கு அனுப்புவதா என்று என் சகாக்கள் சிலருக்கு வருத்தம் உண்டு. தோல் டாக்டர்களில் சிலருக்கு என் எண்ணெய் மேல் அதைவிடப் பெரிய வருத்தம். அந்தப் பெண்ணின் கை இரண்டு பேரையும் பொறுத்துக்கொண்டது.

கொழுந்தன் லெட்டரை வாசித்துவிட்டு அப்படியே நின்றார். "இத எப்படி பம்பாய்க்கு அனுப்ப?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. மூன்று லட்சம் என்றால் வாட்ஸ்அப்பில் போடலாம். நாலு பேர் பார்த்துப் பதறுவார்கள், பத்தாயிரம் இருபதாயிரம் என்று விழும். 2,400 என்றால் யாரும் பதற மாட்டார்கள்.

ஊரில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர், அம்மன் கோயில் கொடைக்குப் பொருளாளர், கேட்டால் இல்லை என்று சொல்லாதவர் என்று பேர். லெட்டரோடு அவரிடம் போகச் சொன்னேன். அன்றைக்கே அவரிடமிருந்து எனக்குப் போன்.

"என்ன டாக்டரம்மா, ரெண்டாயிரத்து நானூறு ரூவாய்க்கு ஒரு லெட்டரா? ஆப்பரேஷன்னு சொல்லுங்க, இருபத்தஞ்சாயிரம் இப்பவே எடுத்துத் தாறேன். இந்த மாசாமாசம் சோலிலாம் நமக்குத் தோதுப்படாது பாத்துக்கிடுங்க."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். தர்மம் செய்பவர் எவரும் இப்படித்தான். ஆப்பரேஷனுக்கு ஒரு தேதி இருக்கிறது, ஒரு தொகை இருக்கிறது, முடிந்ததும் பிழைத்த ஆள் பழத்தட்டோடு வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார். வருடக்கணக்கில் இழுக்கும் நோய்க்கு இதில் எதுவும் இல்லை. பணம் கொடுத்து ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஆள் அதே கையோடு எதிரில் வருவார். கொடுத்தவருக்கு ஏமாந்த மாதிரி இருக்கும். வாங்கியவருக்கு அவர் கண்ணில் படக் கூசும். மண்டலக் கணக்குக்காரர்கள் இந்த மனதை நன்றாகப் படித்து வைத்திருக்கிறார்கள். முடிவே இல்லாத நோய்க்கு 48 நாள் என்று ஒரு முடிவை ஒட்டி, ஆப்பரேஷன் மாதிரி ஒரு விலையும் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அவர்கள் விற்பதில் பாதி மருந்து. மீதி, உதவி கேட்பவன் பிறரிடம் காட்டுவதற்கு ஒரு தொகை. என் இலவச மருந்தால் தர முடியாதது அந்தத் தொகையைத்தான்.

முதல் மாதம் அந்தக் குழுப் பெண்கள்தான் தாங்கினார்கள். ஒன்பது பேர் அவர் தவணையைத் தங்களுக்குள் பிரித்துக் கட்டினார்கள். அவர்களே பீடி சுற்றுகிறவர்கள். மறுமாதம் அது முடியாது என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அண்ணாச்சி கடைக்கே போனேன். காசு வேண்டாம் என்றேன். மாதம் மூன்று கிலோ பாசிப்பருப்பு, ஒரு கிலோ நெய், கொஞ்சம் பனங்கற்கண்டு, தைலத்துக்குச் செக்கெண்ணெய் ஒரு லிட்டர். இதைச் சரக்காக அந்தப் பெண் பெயரில் எழுதிவிட முடியுமா என்று கேட்டேன். சட்டென்று முகம் தெளிந்துவிட்டது. பணம் கொடுப்பது தர்மக் கணக்கு. சரக்கு போடுவது வியாபாரக் கணக்கு. மாசாமாசம் போடுவது அவருக்குப் பழகிப்போன வேலை. கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, "ஆஸ்பத்திரி பாக்கின்னு ஒரு ஏடு போடுவே" என்றார்.

பருப்பு வந்ததும் அந்த வீட்டில் முணுமுணுப்பு நின்றது. ஒரு கிலோ நெய்யை ஒரு ஆள் மட்டும் தின்ன முடியாதே, மாமியாருக்கும் பங்கு போனது. நான் கணக்கில் சேர்க்காத லாபம் அது. இரண்டாம் மாதக் கடைசியில் வலது கை வெடிப்பு மூடியது. இடது கை அடம் பிடித்தது. பங்குனி வெயிலில் இரண்டும் ஓரளவு தெளிந்து, ஐந்நூறு பீடி வரை சுற்ற முடிந்தது. எண்ணூறு திரும்ப வரவில்லை, வரும் என்று நானும் சொல்லவில்லை. மார்கழி பிறந்ததும் மறுபடி தடித்தது, எண்ணெயைக் கூட்டினோம்.

அந்த ஏட்டில் பிறகு வேறு பெயர்களும் ஏறின. முடக்குவாதத்தில் விரல் கோணிப்போன ஒரு டெய்லர், மூச்சிரைப்புக்காரப் பெரியவர் ஒருவர். லெட்டர் எழுதும் பாணியையும் மாற்றிக்கொண்டேன். மொத்தத் தொகையைக் கீழே போட்டு, மேலே மாதச் சரக்கை எழுதினேன். ஒரு தையல் மெஷின் கடைக்காரர் டெய்லருக்கு மோட்டார் பொருத்திக் கொடுத்தார். காலால் மிதிக்கும் வேலை மிச்சம். பணமாகக் கேட்டிருந்தால் அவர் நூறு ரூபாய் கொடுத்து அனுப்பியிருப்பார்.

நான் ஓய்வு பெற்ற பிறகும் அண்ணாச்சி போன் பண்ணுவார்.

"டாக்டரம்மா, அந்தப் பீடிக்காரப் பிள்ளைக்கு இன்னும் பருப்பு போயிட்டிருக்கு. நோய் இன்னும் தீரலியா?"

"தீராது அண்ணாச்சி. அடங்கியிருக்கு."

"எத்தன மாசத்துக்குப் போடணும்னு ஒரு கணக்குச் சொல்லுங்களேன், ஏட்ட முடிச்சுக்கிடுதேன்."

"உங்க கடை எத்தன மாசத்துக்கு நடத்துறதா இருக்கீங்க?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "பாசிப்பருப்பு வெல என்ன ஏறிக் கெடக்கு தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.